மணிக்கட்டுப் பக்கம் சிவப்பு

“உனக்கு வலிச்சா நாங்க எப்படி புள்ள தெரிஞ்சுக்கிறது?” என்று சுபைதா அக்கா கேட்டது இந்த மேசைக்கு முன்னால்தான், நான் முதல் தடவை வந்தபோது, அன்றைக்கும் கை இப்படித்தான் வெள்ளைத் தட்டின் மேல் கிடந்தது, நானும் இப்படித்தான் அவருடைய கோட்டுப் பையில் செருகியிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்... வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், பிறந்த குழந்தைகூட அதைச் செய்கிறது. நான் தலையை ஆட்டினேன், அதுவும் எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா சிரித்துவிட்டு, பரவால்லலா, நீ சொல்லாட்டியும் இது சொல்லிடும், என்று கண்ணாடித் தாள் மாதிரி ஒரு மெல்லிய படலத்தை இடுக்கியால் தூக்கி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், எலுமிச்சைத் தோலின் மஞ்சள், அதன் வழியே ஆறும் படகுகளும் மஞ்சளாகத் தெரிந்தன. புண் நல்லபடியா ஆறுனா இப்படியே இருக்கும், கிருமி சேர்ந்து கெட்டுப்போனா செவந்துடும், பார்த்தவுடனே தெரியும், யாரும் வாயத் திறக்க வேணாம். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது. இப்போது கட்டை அவிழ்த்தாயிற்று, யாரும் வாயைத் திறக்கவில்லை, படலம் சிவந்து கிடக்கிறது.

நடராஜா சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். அவர் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர், வியாழக்கிழமைதோறும் காரில் இங்கே வருவார். இது கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில் முன்பு ஒரு சீனர் அரிசி மூட்டை அடுக்கியிருந்த கடையின் மேல்மாடி, பக்கத்துச் சுங்கை செம்பிலாங் மீன்துறையில் இறங்குகிற இறாலின் ஓடு கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் நாறிவிடுகிறதாம், அதனால் பல்கலைக்கழகமே இறாலைத் தேடி வந்துவிட்டது. பின்னறையில் ஓடுகளை அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரத்தில் வேகவைத்து, வெள்ளைச் செதிலாக்கி, அதைக் கரைத்து சாயம் கலந்து கண்ணாடிப் பலகையில் ஊற்றிக் காயவைத்தால் படலம். சுபைதா அக்காவின் வாப்பா கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், யுனிவர்சிட்டி வரைக்கும் படிச்சுட்டு எறா தோலு உரிக்கவா போற, அத நம்ம கடையிலேயே உரிச்சிருக்கலாமே, என்று தினமும் கேட்கிறாராம். சார் வெளியூர்க்காரர்களை அழைத்து வந்தால் ‘புத்தியுள்ள பொருள்’ என்று இந்தப் படலத்தைச் சொல்வார், உடம்பின் நிலை அறிந்து தானே மாறுகிற பொருள் என்று. அதை முதல் நாள் கேட்டுவிட்டு அம்மா என் காதில், ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, “எறா தலையில புத்தியா இருக்கு? அங்க வேற என்னமோலா இருக்கும்,” என்றாள், சார்கூடச் சிரித்துவிட்டார். எல்லாரையும் அம்மா சிரிக்க வைத்துவிடுவாள், பஸ் கண்டக்டரை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியை, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் சுற்றும் நாயைக்கூட என்று பக்கத்து வீட்டு வீரன் மாமா சொல்வார். இப்போது அவள் சுவரோரப் பெஞ்சியில், பையை மடியில் வைத்துக்கொண்டு.

“கெட்டுப் போயிருக்கும்மா,” என்றார் சார், என்னைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து. “இனி இங்க வச்சிருக்க முடியாது. இன்னிக்கே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். அழுகினத சுரண்டி எடுத்துட்டு, தொடையிலருந்து தோல் எடுத்து ஒட்டுவாங்க.”

“விரலு?” என்றாள் அம்மா.

“அதான் சொல்ல முடியல. பெருவிரலும் பக்கத்து ரெண்டும் பழையபடி மடங்குமான்னு தெரியாது.”

பேனா பிடிக்கிற மூன்று விரலும். வேறு மூன்றாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன், என்ன நினைப்பு அது, விரல்களில் பேரம்... சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொள்ளுங்கள், கூட இடது கையில் ஒன்று தருகிறேன் என்று. கை வெந்த பிறகு யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் இடது கையால் எழுதிப் பார்த்தேன், ‘க’ கவிழ்ந்து விழுந்தது, ‘ங’ எழும்பவே இல்லை, என் பேரையே எழுத முடியாத கை, கங்கா என்று எழுத அரைப் பக்கம். பள்ளிக்கூடத்தை விட்டபோது, போனால் போகிறது என்றுதான் இருந்தது, மூன்றாம் பார வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டையில் எழுத்து வராது, முன்பெஞ்சி திரும்பிப் பார்க்கும், பின்பெஞ்சி சிரிக்கும். பேசாவிட்டால் என்ன, எழுதலாம் என்று ஒன்று இருந்தது, அதைப் பற்றி யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். இப்போது அதுவும் இல்லையென்றால் நான் எதில் இருப்பேன்?

சார் தொலைபேசிப் பக்கம் நடந்தார், சுபைதா அக்கா மட்டும் என் கையை விடவில்லை, தட்டைத் திருப்பினார், விளக்கை இழுத்து அருகில் கொண்டுவந்தார். “சார், ஒரு நிமிசம்லா. கலர் தப்பான எடத்துல ஆரம்பிச்சிருக்கு.” புண் ஆழமாக இருப்பது விரல் முட்டிகளின் மேல், அங்கே லேசான ஆரஞ்சுதான், நகரநகர சிவந்து, மணிக்கட்டுப் பக்கம் ஓரத்தில் செம்பருத்திப் பூ. மணிக்கட்டில் புண்ணே இல்லை. “காய்ச்சலும் இல்ல, நாத்தமும் இல்ல.” சார் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே திரும்பி அம்மாவிடம் கேட்டார், “இது மேல ஏதாச்சும் போட்டீங்களாம்மா? எண்ணெ, பச்சிலை, திருநீறு, ஏதாச்சும்?” அம்மா நிமிர்ந்து, “நான் ஏன் சார் போடப்போறேன்? போடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களே. வேற எதாச்சும் வச்சா இந்தப் படலம் வைக்கிறவங்க லிஸ்டுலருந்து பேர எடுத்துடுவோம்னு தங்கச்சி அன்னிக்கே சொல்லுச்சு, எனக்கு காது நல்லா கேக்கும்,” என்றாள். தங்கச்சி என்றது சுபைதா அக்காவை. அக்கா ஓரத்தைச் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் தடவினார், முட்டிகளின் மேலிருந்து பஞ்சுக் குச்சியால் தொட்டு இன்னொன்றில் தடவினார். சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல பாத்துடலாம் சார், அப்புறம் போன் பண்ணுங்க. சார் தொலைபேசியை வைத்தார், முழு மனதோடு அல்ல. என்னை அம்மாவின் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், கையை ஒரு சுத்தமான துணியின் மேல் வைத்து, ஆட்டாமல்.

கண்ணாடித் துண்டுகள் காய வேண்டுமாம், பிறகு சாயம், பிறகு கழுவி மறுபடி காய... பின்னறையில் இறால் ஓடு கொதிக்கிற மணம், மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இடறியது. அம்மா பேச ஆரம்பித்தாள், படியேறி வந்து உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க் கிழவரிடம் பாதி மலாயும் பாதி தமிழுமாக, அவர் காலில் செம்பனை முள் குத்தியதாம், ஆமா பாக்சிக், முள்ளு சின்னது, வேல பெருசு, என் மக கையப் பாருங்க, ரப்பர் ஆலையில பால் உறைய ஊத்துற ஆசிட்டு, முழுசா கையில ஊத்திக்கிட்டு கல்லு மாதிரி நின்னுருக்கு, ஒரு சத்தம் இல்ல. நான் கல் மாதிரி நிற்கவில்லை. ஜாடி நழுவியது, சட்டைக் கையில் ஊறியது, முதலில் குளிர்ச்சி, பிறகு... ஐயோ என்று ஒரு சொல் வாய்க்குள் வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, அத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நனைந்த துணியோடு தொட்டிகளுக்கு நடுவே நடந்து தண்ணீர்க் குழாயைத் தேடினேன், குழாயில் வரிசை, வரிசையில் நின்றேன். வரிசையில் நின்றேன். ஆலையில் வேலை வாங்குகிற மண்டோர் அப்பளசாமி பார்த்துவிட்டு, புள்ள கை வேகுதுடா, என்று கத்தி எல்லாரையும் தள்ளிவிட்டு என்னை இழுத்தார், ஆசிட் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது, நானும் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் பார்த்து, ஆஸ்பத்திரியில் பார்த்து, வாரக்கணக்கில் ஆறாமல், கடைசியில் இங்கே அனுப்பினார்கள். அம்மா அன்றைக்கு என்னை அடிக்க வந்தாள், கை ஓங்கினாள், பிறகு அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏன்டி கத்தல, ஏன்டி கத்தல, என்று ஒரு வாரம்.

கத்தியிருந்தால் இந்த மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருக்க மாட்டேன். கத்தியிருந்தால் புக்கிட் ரோத்தானில் பஸ் ஏறியிருக்க மாட்டேன்... பஸ்ஸில் காலையில் எதையோ பார்த்தேன், என்ன அது, சும்மா பார்த்த ஏதோ ஒன்று, கட்டின் முடிச்சு. ஆமாம். சுபைதா அக்கா துணியின் நுனியை இரண்டாகக் கிழித்துத் தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி அடங்கிப்போகிற முடிச்சுப் போடுவார், காலையில் அது உருண்டையாக இருந்தது, நுனிகள் இரண்டும் முயல் காது மாதிரி நின்றன. அம்மா சாப்பாட்டுத் தூக்கைத் துணியில் வைத்துக் கட்டுகிற முடிச்சு. அவள் ஏன்... சரி, தளர்ந்திருக்கும், இறுக்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கினேன், அன்றைக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது, கட்டு இறுக்கமோ என்னவோ. தூக்கத்தில் கையில் ஒரு சூடு, இதமாக, வானொலியில் ஏதோ நேயர் விருப்பம், நெருக்கத்தில் வெற்றிலை வாசம், வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, எழுந்தபோது அம்மா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கனவு என்று விட்டுவிட்டேன். வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து, கரண்டியில் சூடு காட்டிப் பற்றுப் போடுவது, எங்கள் லயத்தில் யார் வீட்டில்தான் போடவில்லை, கால் பிசகினால், கழுத்து பிடித்தால். அது புண்ணுக்கல்ல, வீக்கத்துக்கு, அவளைப் பொறுத்தவரை அவள் புண்ணின் மேல் எதையும் போடவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம்? ஆரத்தித் தட்டில் என்ன நிறம்?

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். கிழவரிடம் பேச்சு நின்றிருந்தது. அவள் தன் வலது கைச் சுட்டுவிரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவித்தடவி வெடித்துப்போன விரல், அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், ஆனால் எப்போதும் அவள் அதைத் தேய்க்கமாட்டாள். அவளுக்கும் இப்போதுதான் தெரிந்ததா? இல்லை, சார் கேட்டபோதே தெரிந்ததா? பேரை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் இல்லையென்று சொல்லிவிட்டு, அந்த இல்லை இப்போது தொண்டையில்... எனக்குக் கோபம் வர வேண்டும், வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. அவள் மட்டும் சொன்னால் போதும், கோலாலம்பூர் இல்லை, அறுவைக் கத்தி இல்லை, தொடையில் தோல் எடுக்க வேண்டியதில்லை. நான் சொன்னாலும் போதும். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாமல் இருக்கிறோம், ஒருத்தி ஊரையே பேச வைக்கிறவள், ஒருத்தி... என் வாயில் சொல் திரண்டது, அம்மா, என்று தொடங்கினால்கூடப் போதும், பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, மறுபடியும் அதே இடம், மறுபடியும் வரிசை.

அதற்குள் சுபைதா அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, “சார், வந்து பாருங்க,” என்றார். சார் பார்த்தார். முதல் கண்ணாடி, இரண்டாவது, மறுபடி முதல். ஆற்றில் ஒரு படகின் மோட்டார் தொடங்கி, திணறி, ஓடி, தூரத்தில் தேய்கிறவரை அவர் குழாயில் கண்ணை வைத்தபடியே இருந்தார். பிறகு முதுகைத் திருப்பியபடியே, “ஒண்ணுமில்ல,” என்றார், குரல் வேறு யாருடையதோ போல இருந்தது, “கிருமியே இல்ல. சுத்தம். முட்டி மேல புதுத் தோல் செல் வந்துகிட்டிருக்கு.” அக்கா ஓரத்தில் சுரண்டியதை ஒரு தட்டில் நனைத்து வைத்திருந்தார், அதில் இரண்டு துளி அமிலம் விட்டதும் நுரைத்து, சிவப்பு மறைந்து மஞ்சளானது. “சுண்ணாம்பு. மஞ்சளும் இருக்கு. அது கசிஞ்சு உள்ள போயி படலத்த செவக்க வச்சிருக்கு. புண்ணு பாட்டுக்கு ஆறிக்கிட்டிருக்கு சார்.” ஆறிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல், சிவப்புக்குக் கீழே, பஸ்ஸில் வரும்போது, சார் தொலைபேசியைத் தூக்கியபோது, நான் விரல்களைப் பேரம் பேசியபோது, எல்லா நேரமும் அது பாட்டுக்கு.

எனக்குப் பசித்தது. முதலில் அதுதான், காலையில் தொட்டுப்பார்த்துவிட்டு வைத்த இட்டிலிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, கீழே யாரோ மீன் பொரிக்கிறார்கள், அந்த மணம் இவ்வளவு நேரமும் இருந்திருக்க வேண்டும். கை வலித்தது, நல்ல வலி, என்னுடைய வலி. தலை பின்னிக்கொள்ளலாம், தோசைக் கரண்டி பிடிக்கலாம், முதுகு சொறியலாம், ‘க’ எழுதலாம், ‘ங’ எழுதலாம், வேண்டாம் என்று யாரும் சொல்லாவிட்டால் நாளெல்லாம் ‘ங’ எழுதலாம்... கண்ணில் நீர் வந்தது, துடைக்கச் சும்மா இருந்த கை இடது கை, அதற்கும் எனக்கும் இனி சண்டையில்லை. சுபைதா அக்கா படலத்தை உப்புத் தண்ணீரில் நனைத்து மெல்ல உரித்தார், அடியில் முட்டிகளின் மேல் புதிதாக, எலிக்குஞ்சின் காது மாதிரி இளஞ்சிவப்பாக ஏதோ, “பாரு புள்ள, பாரு, எவ்வளவு அழகா வந்திருக்கு,” என்றார், நான் பார்த்தேன், அது நான்தான் என்று நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கழுவிவிட்டுப் புதுப் படலத்தை வைத்தார், எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், மலாய்க் கிழவர்கூட எழுந்து வந்து பார்த்தார். மஞ்சள். மஞ்சளாகவே இருந்தது.

சாருக்கும் நிம்மதிதான், கண்ணாடியைத் துடைத்துத்துடைத்துப் போட்டார், ஒரு தடவை தனியாகச் சிரித்துக்கொண்டார், நிம்மதி முற்றினால் சிலருக்குக் கோபமாக வரும் போலிருக்கிறது, அவருக்கு வந்தது. “யார் போட்டது?” என்றார். “விளையாட்டா இது? இன்னும் கொஞ்ச நேரத்துல ஆம்புலன்ஸ கூப்பிட்டிருப்பேன். நல்ல கைய வெட்டிச் சுரண்டியிருப்பாங்க. கேட்டப்ப இல்லேன்னு சொன்னது யாரு?” அம்மாவின் பக்கம் அவர் திரும்புவதை நான் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், அவள் வாயில் சொல் நிற்பதை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன், அது எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும், பல்லுக்குப் பின்னால், அங்கே எவ்வளவு இருட்டு என்றும் தெரியும்.

“நான்தான் போட்டேன்,” என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. மின்விசிறி இடறுகிற சத்தத்தைவிடப் பெரிதாக. சுபைதா அக்காவின் கையில் இடுக்கி நின்றது. “வீங்கியிருந்துச்சு. அம்மா வீட்டுல இல்ல. நானே கொழைச்சுப் போட்டுக்கிட்டேன். அவங்களுக்குத் தெரியாது.” ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, வழியில் எதுவும் நிற்கவில்லை, பொய்க்கு மட்டும் இந்தத் தொண்டை திறக்கிறதா? சார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “மூணாம் பாரம் வரைக்கும் படிச்ச புள்ள,” என்றார், “உனக்குக்கூடவா தெரியல?” பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, “பேர எடுக்க வேணாம் சுபைதா. சுண்ணாம்பு பட்டாலும் செவக்கும்னு நமக்கும் இப்பதான தெரியுது. எத்தன வீட்டுல இதையே போடுவாங்களோ,” என்றார். அக்கா என் இடது கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ஒரு மஞ்சள் கறை இல்லை, நகக்கண்ணில்கூட இல்லை, மெதுவாக என் மடியில் திரும்ப வைத்தார். “வாய் இருக்குலா உனக்கு,” என்று மட்டும் சொன்னார். புதுக் கட்டைக் கட்டி, நுனியை இரண்டாகக் கிழித்துத் தட்டையாக முடிந்தார்.

நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன், எல்லாம் முடிந்துவிட்டது, கை இருக்கிறது, பேர் இருக்கிறது, வா, கடையில் ஏதாவது சாப்பிடலாம் என்று சொல்லப்போகிறேன், அதைக்கூடச் சொல்லிவிட முடியும் போலிருந்தது. அவள் சிரிக்கவில்லை. என்னை யாரோ வேற்று வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தாள், கண்ணில் கோபமா, கூச்சமா, அழுகையா, எதையும் அவள் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததில்லை, அதனால் அந்த முகத்தைப் படிக்க எனக்குப் பழக்கமில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்... அப்போதுதான் தோன்றியது, நான்தான் என்று சொன்ன அந்த நொடியில், எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன், எவ்வளவு நேரமாகத் தெரியும், ஏன் அதுவரை சொல்லவில்லை என்று அவள் கேட்டால் என்ன செய்வேன். கேட்கமாட்டாளா? அவள் பெஞ்சியிலிருந்து பையை எடுத்தாள், குடையை எடுத்தாள், சாரைக் கும்பிடவில்லை, கிழவரிடம் வரேன் என்று சொல்லவில்லை, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.